மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு ஏஐ: தையல் கடைக்கு இது தேவையா?

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில் தையல் கடை நடத்தும் 46 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கடையில் அவரோடு இரண்டு பெண்கள் தைக்கிறார்கள். பிளவுஸ், ஆரி வேலை, சேலைக்கு ஃபால்ஸ், பீகோ. கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை. மகன் பொறியியல் கடைசி வருடம், மகள் பிளஸ் ஒன். ஏழு மாதங்களுக்கு முன் மகன், எழுதிக் கேட்டால் பதில் எழுதித் தரும் ஒரு ஏஐ சாட்பாட்டின் சக்திவாய்ந்த மாடலுக்கு (உள்ளே இருந்து பதிலை உருவாக்கும் மென்பொருளுக்கு) அம்மாவின் டெபிட் கார்டில் சந்தா போட்டுக் கொடுத்திருக்கிறான். ஓடிபியைப் பார்த்துச் சொன்னது அம்மாதான். அன்றிலிருந்து மாதாமாதம் 12ஆம் தேதி ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் கணக்கிலிருந்து போகிறது.

அவர் அதில் செய்யும் வேலைகள் இவை: பிளவுஸ் தயாரானதும் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப் செய்தி எழுதுவது, சூரத் வியாபாரிக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது, மீட்டர் கணக்குப் போடுவது, மகளின் பாடத்தில் சந்தேகம் கேட்பது. ஒருமுறை தன் அம்மாவின் தைராய்டு மாத்திரை பற்றிக் கேட்டிருக்கிறார். இன்னொரு முறை, கடை வாடகையை இரண்டு மடங்காக்கக் கேட்கும் உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்.

இப்போது வீட்டில் தினமும் வாக்குவாதம். "பக்கத்துத் தெருவுக்குப் போக யாராவது பஸ்ஸை வாடகைக்கு எடுப்பார்களா?" என்கிறார் கணவர். "இலவசமாகக் கிடைக்கிற சின்ன மாடல் முட்டாள்தனமாக உளறும்" என்கிறான் மகன். "ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது தெரியுமா?" என்று கேட்கிறாள் மகள். வாசகியின் கேள்விகள் மூன்று. இவ்வளவு பெரிய ஏஐ எனக்குத் தேவையா? தேவையில்லை என்றால், மகன்தானே போட்டது, கட்டிய பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? வாடிக்கையாளர்களின் பெயரையும் அளவையும் அதில் போட்டுவிட்டேனே, ஏதாவது பிரச்சினை வருமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுதான் அவசரம். கடை உரிமையாளருக்குக் கொடுப்பதற்காக அச்செடுத்து, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நகலை இணைத்திருந்தீர்கள், படித்தேன். மரியாதையான நடை, ஒரு வக்கீல் எழுதியது போலவே இருக்கிறது. ஆனால் "1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி நியாய வாடகை நிர்ணயிக்க மனு போடுவேன்" என்று அதில் இருக்கிறது. அந்தச் சட்டம் இப்போது அமலில் இல்லை. தமிழ்நாட்டில் உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த 2017இல் புதிய சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு சட்டங்களின் போக்கும் வேறு. பழைய சட்டத்தில் நீதிமன்றம் நியாய வாடகையை நிர்ணயிக்கலாம். புதிய சட்டத்தில் இருவரும் பேசி ஒப்புக்கொண்டதுதான் வாடகை. அதை எழுத்தில் ஒப்பந்தமாகப் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் போட்டுக்கொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி, உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்கலாம்.

உரிமையாளருக்கான அந்தக் கடிதத்தின் இரண்டாவது பத்தியில் "2014 முதல் எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், வாய்மொழியாக" என்று ஒரு வரி வருகிறது. உங்களைக் காலி செய்ய வைக்க அவருக்கு எது உதவுமோ, அதை உங்கள் கையெழுத்தோடு நீங்களே கொடுத்ததாக ஆகியிருக்கும்.

ஏஐ இப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1960 சட்டத்தைப் பற்றி ஏறத்தாழ அறுபது வருடத் தீர்ப்புகளும் விளக்கங்களும் கட்டுரைகளும் குவிந்து கிடக்கின்றன. புதிய சட்டத்தைப் பற்றி எழுதப்பட்டது அதில் ஒரு சிறு பங்குதான். இந்த மாடல்கள் எழுத்துக் குவியலைப் படித்துப் பழகியவை. எது அதிகமாக எழுதப்பட்டிருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்வது அவற்றின் இயல்பு. இணையத்தில் தேடிப் பார்க்கச் சொல்லி, "இந்தச் சட்டம் இன்று அமலில் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தால் சரியான பதில் வந்திருக்கலாம். அப்படிக் கேட்க வேண்டும் என்பது சட்டம் படித்தவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் போனதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

"பணம் கட்டி வாங்கியது, பெரிய மாடல், அதனால் சரியாகத்தான் சொல்லும் என்று நம்பினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையைத்தான் முதலில் தளர்த்த வேண்டும். நியூயார்க்கில் 2023 ஜூனில் இரண்டு வழக்கறிஞர்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் சேர்த்து நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. சாட்ஜிபிடி என்ற ஏஐ சாட்பாட் கொடுத்த தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் மனுவில் சேர்த்திருந்தார்கள். அவற்றில் ஆறு தீர்ப்புகள் எந்த நீதிமன்றத்திலும் வழங்கப்படாதவை. சட்டமே தொழிலாக இருப்பவர்களுக்கே இது நடந்திருக்கிறது. அதன் பிறகு வந்த மாடல்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன, உண்மைதான். ஆனால் தவறாகச் சொல்லும்போதும் அதே உறுதியான குரலில் சொல்லும் பழக்கம் அவற்றை விட்டு முழுதாகப் போகவில்லை.

இந்த விஷயத்துக்கு உங்களுக்குத் தேவை ஒரு மனித வக்கீல். அதற்குச் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. பெண்களைப் பொறுத்தவரை வருமான வரம்பு கிடையாது. உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் போய்க் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள். இத்தனை வருடமாக வாடகை கொடுத்ததற்கான வங்கிப் பதிவுகள், ரசீதுகள், முன்பணம் கொடுத்ததற்கு ஏதாவது ஆதாரம், மின் கட்டண ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒப்பந்தம் போடும் பேச்சை நீங்களே முந்திக்கொண்டு, முறைப்படி எழுத்தில் எப்படித் தொடங்குவது என்று அந்த வக்கீல் சொல்லித் தருவார். மாதம் இரண்டாயிரம் கட்டிய இடத்தில் கிடைக்காதது, உங்களுக்கு உரிமையாகவே, ஒரு ரூபாய் செலவில்லாமல் காத்திருக்கிறது. இதை நம் பெண்களில் எத்தனையோ பேர் அறியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வேலை சின்னதா பெரியதா என்று எப்படிப் பார்ப்பது

இனி உங்கள் கணவர் சொன்ன பஸ் கணக்குக்கு வருகிறேன். பணத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. காரணம்தான் முழுவதும் சரியில்லை. பக்கத்துத் தெரு எவ்வளவு தூரம் என்று கிளம்பும் முன்பே தெரியும். ஏஐயிடம் கேட்கும் கேள்வியில் அந்த வசதி இல்லை. வாடகைக் கடிதமும் ஒரு பக்கம்தான், சூரத் வியாபாரிக்கு எழுதியதும் ஒரு பக்கம்தான். எழுதி முடிக்க ஆன நேரமும் ஒன்றேதான். ஆனால் ஒன்றில் தவறு வந்தால் வியாபாரி "புரியவில்லை" என்று திரும்பக் கேட்பார். மற்றதில் தவறு வந்தால் கடையே கையை விட்டுப் போகலாம்.

அதனால் வேலையின் அளவைப் பார்க்காதீர்கள். இரண்டே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பதில் தவறாக இருந்தால் எனக்கு என்ன நஷ்டம்? தவறு என்பதை நானே கண்டுபிடிக்க முடியுமா? நஷ்டம் குறைவு, நானே கண்டுபிடித்துவிடுவேன் என்றால் இலவச மாடல் தாராளமாகப் போதும். நஷ்டம் பெரிது, எனக்குக் கண்டுபிடிக்கவும் தெரியாது என்றால் பெரிய மாடலும் போதாது, விஷயம் தெரிந்த மனிதர் ஒருவர் வேண்டும். பெரிய மாடலுக்குக் காசு கொடுப்பது நியாயமாகும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வேலை நீளமானது, சிக்கலானது, ஆனால் வரும் பதிலைச் சரிபார்க்கும் அறிவு கேட்பவருக்கு இருக்கிறது. உங்கள் மகன் அந்த இடத்தில் இருக்கிறான். ப்ரோகிராம் எழுதுகிறான், ஓட்டிப் பார்த்தால் சரியா தவறா என்று தெரிந்துவிடும். அவனுக்கு அது நல்ல கருவி, அதனால்தான் அம்மாவுக்கும் ஆசையாக வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவன் மேல் கோபப்படாதீர்கள்.

உங்கள் பட்டியலை இந்தக் கண்ணோடு பார்த்தேன். "பிளவுஸ் ரெடி, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற செய்திக்கு எந்த ஏஐயும் தேவையில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் அடிக்கடி அனுப்பும் செய்திகளைச் சேமித்து வைத்து எளிதாக அனுப்பலாம், காசு கிடையாது. தீபாவளி, பொங்கல் ஆர்டர்களுக்கு லேபிள் போட்டுப் பிரித்துக்கொள்ளவும் அதில் வசதி உண்டு. மீட்டர் கணக்கை ஃபோனில் இருக்கும் கால்குலேட்டரில் போடுங்கள். மொழியைக் கையாளப் பழக்கப்பட்ட கருவியை எண் கூட்டப் பயன்படுத்துவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. துணி வெட்டிய பிறகு தெரிய வரும் தவறு உங்களுக்கு நஷ்டம். சூரத் வியாபாரிக்கு எழுதும் ஆங்கிலத்துக்கு இலவச மாடல் நன்றாகவே போதும். சொந்த வார்த்தையில் தமிழில் சொல்லி, எளிய ஆங்கிலத்தில் மாற்றச் சொல்லுங்கள். விலை, மீட்டர், தேதி மூன்றையும் அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மகளின் பாடத்துக்கும் அப்படித்தான். பாடப்புத்தகம் பக்கத்தில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க அவளால் முடியும்.

அம்மாவின் தைராய்டு மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. அதை வெறும் வயிற்றில் போட வேண்டும், கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது என்பதெல்லாம் எந்த மாடலும் சொல்லும் பொதுத் தகவல். அளவைக் கூட்டுவது, குறைப்பது மட்டும் ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது. அதை எவ்வளவு பெரிய ஏஐயிடமும் கேட்காதீர்கள்.

சின்ன மாடலின் தமிழ் மோசமா?

மகன் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலத்தில் எளிதாக இருக்கும் வேலை தமிழில் இந்த மாடல்களுக்கு எளிதாக இல்லாமல் இருந்தது. இவை எழுத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாடலை வெளியிட்டபோது, ஒரே சிறு அறிமுக வாசகத்தைப் பல மொழிகளில் ஒப்பிட்டுக் காட்டியது. பழைய முறையில் அந்த வாசகம் ஆங்கிலத்தில் 27 துண்டு, தமிழில் 116 துண்டு. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. அதாவது முன்பு தமிழில் எழுதிய ஒவ்வொருவருடைய பேச்சும் ஆங்கிலத்தைவிட நான்கு மடங்குக்கு மேல் நொறுங்கித்தான் அந்த மாடல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. படிக்கக் கிடைத்த தமிழ் எழுத்தும் குறைவு. இரண்டும் சேர்ந்தால், மாடல் சிறியதாக ஆக ஆகத் தமிழ் தடுமாறும். உங்கள் மகன் இரண்டு வருடத்துக்கு முன் பார்த்து "முட்டாள்" என்று முடிவு செய்திருந்தால் அது அன்றைக்குச் சரிதான்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் மாடல்களே அன்றைய பெரிய மாடல்களுக்கு இணையாக, சிலவற்றில் அதற்கு மேலாகவும் தமிழ் எழுதுகின்றன. இந்திய மொழிகளை மனதில் வைத்தே சிறிய மாடல்கள் உருவாக்கும் முயற்சியும் நடக்கிறது. பெங்களூருவின் சர்வம் நிறுவனம் 2024 அக்டோபரில் வெளியிட்ட சர்வம்-1, தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளுக்கானது. இன்றைய பெரிய மாடல்களோடு பார்த்தால் அது மிகச் சிறியது.

என் பேச்சையோ மகன் பேச்சையோ நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் ஐந்தாறு கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தா உள்ள கணக்கில் ஒருமுறை, மகளின் ஃபோனில் இலவசக் கணக்கில் ஒருமுறை, ஒரே சொற்களில் கேளுங்கள். பதில்களைத் தாளில் எழுதி அல்லது அச்செடுத்து, எது எதில் வந்தது என்று சொல்லாமல் கணவரிடம் கொடுங்கள். எது பிடித்திருக்கிறது என்று அவர் குறிக்கட்டும். வித்தியாசம் உங்கள் வேலைக்குப் புலப்படும் அளவுக்கு இருந்தால் மகன் ஜெயித்தான். இல்லையென்றால் விவாதம் முடிந்தது.

நீங்கள் கட்டும் பணம் எதற்குப் போகிறது

பணம் கட்டியவுடன் நாம் கேட்கும் எல்லாவற்றையும் அந்தப் பெரிய மாடலே உட்கார்ந்து யோசிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2025 ஆகஸ்டில் சாட்ஜிபிடியில் ஜிபிடி-5 மாடல் வந்தபோது, கேள்வியைப் பார்த்து இது எளிதா கடினமா என்று கணித்து, எளிதானதை வேகமான மாடலுக்கும் கடினமானதை ஆழ்ந்து யோசிக்கும் மாடலுக்கும் தானாகவே அனுப்பும் முறையோடு வந்தது. "பிளவுஸ் ரெடி" செய்திக்கு உங்கள் இரண்டாயிரம் ரூபாய் பெரிய மூளையை எழுப்பியிருக்க வாய்ப்பு குறைவு. இலவசக் கணக்கிலும் ஓரளவு நல்ல மாடல் கிடைக்கிறது, வரம்பு தாண்டினால்தான் சிறியதுக்கு மாறுகிறது. ஆகவே சந்தாவில் நீங்கள் முக்கியமாக வாங்குவது அதிகமான பயன்பாட்டு வரம்பு, பெரிய கோப்புகள், படங்கள், நீண்ட நேரம் யோசிக்கும் வசதி. நாளைக்குப் பத்துப் பதினைந்து கேள்வி கேட்கும் உங்களுக்கு இவற்றில் எது பயன்பட்டது என்று பார்த்தால் அநேகமாக எதுவும் இல்லை.

இடைப்பட்ட விலையிலும் திட்டங்கள் வந்துவிட்டன. சாட்ஜிபிடியின் குறைந்த கட்டணத் திட்டமான சாட்ஜிபிடி கோ இந்தியாவில் 2025 ஆகஸ்டில் மாதம் 399 ரூபாய்க்கு வந்தது. அதே வருடம் நவம்பர் 4 முதல் சேர்ந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம் என்றார்கள். ஜியோ வாடிக்கையாளர்களுக்குக் கூகுளின் ஏஐயான ஜெமினியின் கட்டணத் திட்டம் 18 மாதம், ஏர்டெல்காரர்களுக்குப் பெர்ப்ளெக்ஸிட்டி என்ற ஏஐயின் கட்டணத் திட்டம் ஒரு வருடம் இலவசம் என்றும் சலுகைகள் அந்த ஆண்டில் வந்தன. உங்கள் வீட்டில் இருக்கும் நான்கு சிம்களில் ஏதாவது ஒன்றில் இப்படி ஒன்று ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கலாம், மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் இலவசக் காலம் தொடங்கும்போதே கார்டு அல்லது யூபிஐ ஆட்டோபே கேட்டால், எந்தத் தேதியில் இலவசம் முடிகிறது என்று நாள்காட்டியில் குறித்துக்கொண்ட பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

மகளின் கவலையும் நியாயமானது. கூகுள் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஜெமினியில் சராசரி எழுத்துக் கேள்வி ஒன்றுக்கு 0.24 வாட்-மணி மின்சாரமும் 0.26 மில்லி தண்ணீரும் ஆகின்றன. சில துளிதான். மின்சாரமோ, உங்கள் கடையில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் இழுக்கும் கரண்ட்தான். நிறுவனமே சொல்லும் கணக்கு, மாடலைப் பயிற்றுவிக்க ஆன செலவு அதில் சேரவில்லை, வீடியோ உருவாக்குவது போன்றவற்றுக்கு அதிகமாகும். அதையும் மகளிடம் சொல்லுங்கள். உங்கள் அளவுக்குப் பயன்படுத்துவதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

வாடிக்கையாளர் விவரங்கள்

"காசு கட்டிய கணக்கு, அதனால் நான் போடுவது வெளியே போகாது" என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. தனிநபர்களுக்கான திட்டங்களில், கட்டணம் கட்டியிருந்தாலும், உங்கள் உரையாடல்களை மாடலுக்குப் பயிற்சி தரப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி செட்டிங்ஸில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கலாம். உங்கள் கணக்கில் அதைத் தேடிப் பார்த்து அணைத்து வையுங்கள். இலவசக் கணக்கிலும் இதே வேலையைச் செய்யுங்கள்.

அளவு நோட்டைப் படம் எடுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெண்ணின் பெயர், ஃபோன் நம்பர், உடல் அளவுகள் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. உங்களை நம்பிக் கொடுத்தது அது. அந்த உரையாடல்களை நீக்கிவிடுங்கள். இனி இப்படி ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் பெயரையும் நம்பரையும் விட்டுவிட்டு "வாடிக்கையாளர் 1" என்று போட்டுக் கேளுங்கள். இதற்காக உங்கள் மேல் நாளைக்கே யாரும் வழக்குப் போடப்போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து அமலுக்கு வருகின்றன. சட்டத்தின் பார்வையில் பெரிய ஏஐ நிறுவனம் மட்டும் பொறுப்பாளி என்று கிடையாது. வாடிக்கையாளர் விவரத்தைத் தொழிலுக்காக ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் வைத்திருக்கும் உங்களுக்கும் பொறுப்பு உண்டு. பழக்கத்தை இப்போதே மாற்றிக்கொள்வது நல்லது.

கட்டிய பணமும் இனிப் போகும் பணமும்

மகன் போட்ட சந்தா, அதனால் என்னைக் கட்டுப்படுத்தாது என்று வாதிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. கார்டு உங்களுடையது, ஓடிபி நீங்கள் கொடுத்தது, ஏழு மாதம் பயன்படுத்தியும் இருக்கிறீர்கள். "எனக்குத் தேவைக்கு மேல் வாங்கிவிட்டேன்" என்பது சேவைக் குறைபாடு ஆகாது. போன ஏழு மாதப் பணத்துக்காக அலைய வேண்டாம்.

இனிப் போகும் பணத்தை நிறுத்தும் உரிமை முழுதாக உங்களிடம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து இப்படித் தானாகப் பணம் எடுக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியிலிருந்தே அந்த மாதப் பிடித்தத்தை மறுக்கவும், ஒப்புதலையே திரும்பப் பெறவும் வழி தர வேண்டும். 11ஆம் தேதிவாக்கில் உங்கள் ஃபோனுக்கு மாதாமாதம் ஒரு செய்தி வந்திருக்கும், விளம்பரம் என்று நினைத்துத் தள்ளியிருப்பீர்கள்.

ரத்து செய்வதை மறைத்து வைப்பது, சுற்றிச் சுற்றி அலையவிடுவது, இலவசச் சந்தாவுக்கே பணம் எடுக்கும் ஒப்புதலைக் கட்டாயமாக்குவது போன்றவற்றை 'சந்தா வலை' என்று 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. அப்படி ஏதாவது நடந்தால் ஸ்கிரீன்ஷாட்களை எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

இந்த 12ஆம் தேதிக்கு முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஃபோனிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நிற்காது, அதனால் முதலில் கணக்கின் உள்ளே போய் ரத்து செய்யுங்கள். பிளே ஸ்டோர் வழியாகப் போட்டிருந்தால் அங்கே 'சந்தாக்கள்' பகுதியில் ரத்து செய்ய வேண்டும். உறுதி செய்யும் மின்னஞ்சல் வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வங்கியின் செயலியில் அந்தத் தானியங்கி ஒப்புதலையும் நீக்கிவிடுங்கள். ரத்து செய்தாலும் கட்டிய மாதம் முடியும் வரை பெரிய மாடல் பொதுவாக வேலை செய்யும், அந்த நாட்களில் நான் சொன்ன சோதனையைச் செய்துவிடலாம். மகனுக்குப் படிப்பு முடிக்கும் புராஜெக்டுக்கு வேண்டும் என்றால், தேவைப்படும் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் அவன் பெயரில் போட்டுக்கொள்ளட்டும்.

கடை ஒப்பந்த விஷயத்தில் சட்டப் பணிகள் குழு என்ன சொன்னது என்று எழுதுங்கள். உரிமையாளர் அதற்குள் ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால், வக்கீலிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.